வீட்டிலேயே பாட்டு வீடியோ எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் எங்கள் வீட்டு முன்னறையில் என் மனைவி மாலை நேரங்களில் பாட்டு வகுப்பு நடத்துகிறார். அவரிடம் படிக்கும் பிள்ளைகள் பாடுவதைப் பதிவு செய்து கொடுக்கத் தொடங்கிய நான், பிறகு பாலக்கோட்டுப் பக்கத்துப் பம்பை மேளக் குழு, பென்னாகரத்துப் பக்கத்துக் கூத்துக் கலைஞர்கள், கிருஷ்ணகிரியிலிருந்து வரும் தேவாலயப் பாடற்குழு இளைஞர்கள் என்று பலருக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டேன். எல்லோரும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. தொலைபேசியில் சொல்லும்போது ஒவ்வொருவரிடமும் எதையாவது விட்டுவிடுகிறேன் என்பதால், அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்து இங்கே எழுதியிருக்கிறேன். விலைகள் எல்லாம் நான் வாங்கியபோதும் விசாரித்தபோதும் இருந்த தோராய விலைகள். கடைக்குக் கடை மாறும்.

கேமரா இல்லைங்க, ஃபோன் மட்டும்தான் இருக்கு. அதுல எடுத்தா நல்லா வருமா?

வரும். கடந்த சில ஆண்டுகளில் வந்த நடுத்தர விலை ஃபோன் எதுவாக இருந்தாலும், பகல் வெளிச்சத்தில் அசையாமல் நிறுத்தி எடுத்தால், பாட்டு வீடியோவுக்குப் போதுமான படம் கிடைக்கும். ஃபோனுக்குக் கைவராதது ஒலிதான். அதன் மைக் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. சத்தம் குறைந்தால் தானே கூட்டும், கூடினால் தானே குறைக்கும், தொடர்ந்து ஒரே மாதிரி ஒலிப்பதை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அமுக்கும். மெல்லிய இடமும் உரத்த இடமும் மாறி மாறி வருவதுதான் பாட்டுக்கு உயிர். ஃபோன் அந்த ஏற்ற இறக்கத்தையே சமப்படுத்திவிடுகிறது.

அதனால் என்னிடம் யோசனை கேட்பவர்கள் எல்லோரிடமும், பணத்தை முதலில் ஒலிக்குச் செலவிடுங்கள், படத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்கிறேன். படம் சற்று மங்கலாக இருந்தாலும் பாட்டுத் தெளிவாக இருந்தால் கடைசிவரை கேட்பார்கள். படம் பளிச்சென்று இருந்து பாட்டுக் கரகரத்தால் பெற்றோரைத் தவிர வேறு யாரும் அரை நிமிடம்கூடக் கேட்க மாட்டார்கள்.

மொத்தமா எவ்வளவு செலவாகும்? பத்தாயிரத்துக்குள்ள முடியுமா?

முடியும். ஃபோனை நிறுத்த ஒரு டிரைபாட் ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும். வயர் வைத்த காலர் மைக் ஆயிரத்துக்குள் கிடைக்கும். காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோன் ஆயிரத்தைந்நூறு முதல் இரண்டாயிரம் வரை ஆகும். இதை மட்டும் தவிர்க்காதீர்கள், ஏனென்றால் பதிவான ஒலியில் என்ன குறை என்பதை ஃபோனின் சின்ன ஸ்பீக்கர் ஒருபோதும் காட்டாது. ஒரு தெர்மாகோல் அட்டை, துணி தொங்கவிடக் கொஞ்சம் கயிறு. ஐந்தாயிரத்தில் இத்தனையும் அடங்கும்.

மிச்சம் ஐந்தாயிரத்தை உடனே செலவழிக்க வேண்டாம். ஏழெட்டுப் பாட்டு எடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஒலி போதவில்லை என்று உங்கள் காதே சொன்னால், அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, மைக்கின் ஒலியை மடிக்கணினிக்குள் கொண்டுசெல்லும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றும், ஸ்டாண்டில் நிற்கும் பெரிய மைக் ஒன்றும் வாங்கலாம். இரண்டும் தொடக்க நிலையில் எட்டாயிரம், பத்தாயிரத்துக்குள் வரும். அந்தப் பெரிய மைக் கண்டென்சர் வகையாக இருந்தால், அதற்கு 48 வோல்ட் மின்சாரம் அதே கேபிள் வழியாகப் போக வேண்டும் என்பதால், இன்டர்ஃபேஸில் அந்த வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நான் பெங்களூரு எஸ்.பி. சாலைக்குப் போய்த்தான் வாங்கினேன். கிருஷ்ணகிரியிலிருந்து போனால் ஒரே நாளில் திரும்பிவிடலாம், கையில் ஹெட்ஃபோன் எடுத்துச் சென்று அங்கேயே கேட்டுப் பார்த்தும் வாங்கலாம்.

எங்க வீட்டு ஹால்ல பாடினா கிணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி கேக்குது. மைக் மாத்தணுமா?

மைக்கை மாற்ற வேண்டாம், அறையை மாற்ற வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் தரை கிரானைட் அல்லது டைல்ஸ், சுவர் சிமென்ட் பூச்சு, மேலே கான்கிரீட். நான்கு புறமும் வழவழப்பான கடினப் பரப்பாக இருப்பதால் குரல் எங்கும் அடங்காமல் சுவருக்குச் சுவர் பட்டுத் திரும்புகிறது. அறை நடுவில் நின்று ஒரு முறை கையைத் தட்டிப் பாருங்கள். தட்டிய ஒலிக்குப் பின் ‘டிரீங்’ என்று ஒரு வால் நீண்டால், அந்த வால்தான் பாட்டின் ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறது.

இதற்கு விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. எங்கள் முன்னறையில் இரண்டு ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே கயிறு கட்டி, பாடுபவரின் முதுகுப்புறம் இரண்டு கனமான போர்வைகளைத் தொங்கவிடுகிறேன். முதுகுப்புறம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: பாட்டுக்குப் பயன்படுத்தும் மைக்குகளில் பெரும்பாலானவை தன் முன்புறத்தை நன்றாகவும் பின்புறத்தைக் குறைவாகவும் கேட்பவை, அவற்றின் முன்புறத்தில் இருப்பது பாடுபவரும் அவருக்குப் பின்னாலுள்ள சுவரும்தான். போர்வையைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டால் இன்னும் நன்றாக வேலை செய்யும். தரையில் ஜமக்காளத்தை இரண்டாக மடித்து விரிக்கிறேன். இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைப் பக்கச் சுவரில் சாய்த்து நிறுத்துகிறேன்.

அறுவடை முடிந்த சமயத்தில் கேழ்வரகு மூட்டைகள் வீட்டில் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. மூலையில் மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், போர்வையால் அடக்க முடியாத கனத்த அதிர்வுகளும் கொஞ்சம் தணியும். காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் மூட்டை அடுக்கிய அறையிலேயே உட்கார வைத்து ஒரு தாத்தாவின் ஒப்பாரிப் பாட்டைப் பதிவு செய்தேன். இதுவரை நான் எடுத்ததில் அவ்வளவு நெருக்கமான குரல் வேறெதிலும் விழவில்லை. அவர் மூச்சை இழுத்து அடுத்த அடியைத் தொடங்கும் இடங்கூடக் கேட்கிறது.

முட்டை அட்டையைச் சுவர் பூரா ஒட்டினா சத்தம் வெளிய போகாதாமே?

தடுக்காது. முட்டை அட்டை மெல்லிய காகிதக் கூழ். மேல் ஸ்தாயி எதிரொலியைக் கொஞ்சம் கலைக்கும், அவ்வளவுதான். சத்தம் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் தடுப்பதற்குக் கனமும் இடைவெளியின்மையும் வேண்டும். அது கதவுச் சந்தை அடைப்பதில் தொடங்குகிறது. தீயும் எளிதில் பற்றும் என்பதால் வேண்டவே வேண்டாம்.

லாரி சத்தம், ஃபேன் சத்தம், நாய் சத்தம்… இதுக்கு நடுவுல எப்படிங்க எடுக்கிறது?

நேரத்தைத் தேர்ந்தெடுத்துத்தான். பெங்களூரு–சேலம் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு லாரியின் முழக்கம் எந்த நேரமும் இருக்கும். அப்படியானவர்கள் சாலைக்கு எதிர்ப்புறமுள்ள உள்ளறையைப் பயன்படுத்துங்கள். எங்கள் தெருவில் பிற்பகல் இரண்டு மணிக்குமேல் நான்குவரை ஊரே அடங்கியிருக்கும், ஜன்னல் வெளிச்சமும் நன்றாக இருக்கும். ஒலியை மட்டும் தனியாக எடுப்பதென்றால் இரவு பத்து மணிக்கு மேல் நல்லது, ஏனென்றால் ஒலிபெருக்கிகளுக்கு அதற்குமேல் காலை ஆறு மணிவரை சட்டப்படியே தடை இருக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் தவளையும் சில்வண்டும் இடம் கொடுக்காது. ஆடி மாதத்திலும் மார்கழி விடியலிலும் கோயில் பாட்டு நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு நாளைக் குறியுங்கள்.

ஃபேனை நிறுத்தியே ஆக வேண்டும். மைக்கின்மேல் நேராகக் காற்றுப் பட்டால் அந்தப் பதிவைச் சரிசெய்யவே முடியாது. ஃபிரிட்ஜையும் நிறுத்துங்கள், நிறுத்தும்போது வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். கிளம்பும்போது சாவியைத் தேடி அங்கேதான் போக வேண்டும் என்பதால் மறக்காமல் திரும்பப் போட்டுவிடலாம். சாவியை வைக்காத ஒரு நாளில் வீட்டு மாவெல்லாம் புளித்துப் பொங்கி வழிந்தது.

மைக்கை எங்க வெக்கணும் அண்ணா? படத்துல தெரியக் கூடாதே?

தெரிந்தால் தெரியட்டும் என்பதே என் எண்ணம். மைக்கை மறைப்பதற்காக ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்துவிட்டு, குரல் தூரத்தில் கேட்கிறது என்று வருந்துபவர்கள்தான் அதிகம். தூரம் பாதியானால் வாயிலிருந்து நேராக வரும் ஒலி சுமார் 6 டெசிபல் (ஒலி அளவைச் சொல்லும் அலகு) கூடும். ஆனால் அறையின் எதிரொலி அதே அளவில்தான் இருக்கும். ஒரு மீட்டரில் இருக்கும் மைக்கைக் கால் மீட்டருக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல் இலாபம். எந்த விலையுயர்ந்த மைக்கும் இந்த இலாபத்தைத் தராது.

ஸ்டாண்ட் மைக் என்றால் வாயிலிருந்து ஒரு சாண் அளவில், வாய்க்கு நேராக இல்லாமல் மூக்கு உயரத்தில், சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். ‘ப’, ‘பா’ என்று வரும் இடங்களில் வெளிப்படும் காற்று அப்போது மைக்கில் நேராக மோதாது. காலர் மைக் என்றால் கழுத்துக் குழியில் குத்தாதீர்கள். அங்கே குரல் அடைத்துக் கேட்கும். நெஞ்செலும்பின்மேல், தாடையிலிருந்து ஒரு சாண் கீழே குத்துங்கள். பட்டுப் புடவையும் தங்கச் சங்கிலியும் மைக்கில் உரசும் சத்தம் ஹெட்ஃபோனில்தான் தெரியும். பாடத் தொடங்கும் முன்பே தலையை இரண்டு பக்கமும் திருப்பச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

மைக் மாட்டித்தான் எடுத்தேன். ஆனா ஃபோன் மைக்லதான் பதிவாயிருக்கு. ஏன்?

இந்த ஒரு கேள்வி வாரத்துக்கு ஒரு முறையாவது வருகிறது. முதலில் மைக்கின் பின்னைப் பாருங்கள். ஃபோனுக்கான பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். கேமராவுக்கான பின்னில் இரண்டுதான் இருக்கும். இரண்டு வளையப் பின்னை நேராக ஃபோனில் செருகினால் ஃபோன் அதை மைக் என்றே அறியாது, இடையில் ஒரு மாற்றி வேண்டும். ஹெட்ஃபோன் துளை இல்லாத ஃபோன்களில் டைப்-சி மாற்றி போடுவீர்கள். மிக மலிவான மாற்றிகளில் ஒலியை எண்ணாக மாற்றும் சிப் இருக்காது, பல ஃபோன்களில் அவை வேலை செய்யாது.

மாற்றி சரியாக இருந்தும், சில ஃபோன்களின் சொந்தக் கேமரா செயலி வெளி மைக்கை எடுத்துக்கொள்ளாது. ஆண்ட்ராய்டில் ‘ஓப்பன் கேமரா’ என்ற இலவசச் செயலியில் ஒலி மூலம் எது என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். எதுவானாலும், பத்து விநாடி பதிவு செய்து, அப்போது மைக்கை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். போட்டுக் கேட்கும்போது சுரண்டும் ஒலி காதுக்குள் கேட்டால் மைக் பதிவாகிறது.

வயர்லெஸ் மைக்ல எடுத்தா குரல் சுத்தமா வருது, சுருதிப் பெட்டி மட்டும் வந்து வந்து போகுது. பழுதா?

பழுது இல்லை. அந்த மைக்கில் இரைச்சல் நீக்கும் பொத்தான் இயங்கிக்கொண்டிருக்கிறது. மாறாமல் தொடர்ந்து ஒலிப்பதெல்லாம் அதற்கு இரைச்சல், தம்புராவும் சுருதிப் பெட்டியும் மாறாமல் தொடர்ந்து ஒலிப்பவை. வீணையில் நீண்டு தேயும் நாதத்தையும் அது பாதியில் வெட்டிவிடும். பாட்டுக்கு அந்தப் பொத்தானை எப்போதும் அணைத்தே வையுங்கள். ஃபோனிலோ செயலியிலோ ‘குரல் மேம்பாடு’ என்று ஏதாவது இருந்தால் அதையும் அணையுங்கள். இரைச்சலைப் பதிவுக்கு முன்பே, மேலே சொன்னபடி, அறையிலேயே குறைத்துக்கொள்வதுதான் சரி.

சத்தமா பாடுற இடத்துல கரகரன்னு கிழியுது. எடிட் பண்ணும்போது சரி பண்ணிடலாமா?

முடியாது. எண்முறைப் பதிவில் பூஜ்ஜியம் டெசிபல் என்பது கூரை. அலையின் முகடு அதைத் தொட்டால் அதற்குமேல் உள்ள வடிவம் எங்கும் எழுதப்படாமலே போய்விடுகிறது. எழுதப்படாததை எந்த மென்பொருளாலும் உள்ளபடி மீட்க முடியாது. ஆகவே மிக உரத்த இடத்திலும் அளவுகாட்டி மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் நிற்கும்படி வையுங்கள். 24 பிட் என்ற நுணுக்கமான முறையில் பதிவு செய்தால், குறைந்த அளவில் எடுத்துப் பிறகு கூட்டிக்கொள்வதால் கெடுவது எதுவும் இல்லை.

இதை நான் கற்றுக்கொண்டது பாலக்கோட்டுப் பக்கம் ஒரு மாரியம்மன் பண்டிகையில். பம்பைக்காரரைச் சோதனைக்காக ஒரு முறை அடிக்கச் சொல்லி, அளவுகாட்டி மைனஸ் 6-இல் நிற்கும்படி வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். சோதனைக்கு அடிப்பவர் யாரும் முழு வேகத்தில் அடிப்பதில்லை. அம்மன் அழைப்புத் தொடங்கி, கைச்சிலம்பும் உடுக்கையும் சேர்ந்து சூடேறியதும், அவர் அடித்த அடியில் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. இருபத்திரண்டு நிமிடப் பதிவு முழுவதும் பாழ். மறுநாள் ஹெட்ஃபோனில் கேட்ட குழுத் தலைவர், தகரத்தைத் தட்டுவதுபோல் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கழற்றிக் கையில் கொடுத்தார். இன்றுவரை தாள வாத்தியம் எதுவானாலும், சோதனையில் வந்ததைவிட இன்னும் 10 டெசிபல் குறைத்து வைக்கிறேன், பம்பைக்கு மைக்கை இரண்டு மீட்டர் தள்ளி, தலைக்கு மேல் உயரத்தில் நிறுத்துகிறேன்.

பாட்டுக்குப் பின்னால ‘ம்ம்ம்’னு ஒரு இரைச்சல் விடாம வருது. எங்கிருந்து வருது?

மின்சாரத்திலிருந்து. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. அந்த 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்கான 100 ஹெர்ட்ஸும்தான் அந்த முனகல். முதலில் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பத்தில் ஏழு வீடுகளில் அங்கேயே நின்றுவிடுகிறது, ஏனென்றால் அந்தப் பிளக்கில் எர்த் சரியாக இருப்பதில்லை. மூன்றாவது பின்னை உடைத்துவிட்டுச் செருகும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விடுங்கள், அது உயிருக்கே ஆபத்து. இன்வெர்ட்டர் ஓடும்போதும் முனகல் கூடும் என்பதால் மின்வெட்டு நேரத்தில் பதிவு செய்ய வேண்டாம். மைக் கேபிளும் மின்சார வயரும் பக்கம் பக்கமாகப் படுத்திருந்தால் பிரித்துப் போடுங்கள்.

லைட் செட் வாங்காம முகம் நல்லாத் தெரிய என்ன வழி?

ஜன்னல் போதும். பாடுபவரை ஜன்னலுக்கு நேராகவோ முதுகு காட்டியோ உட்கார வைக்காமல், வெளிச்சம் ஒரு பக்கக் கன்னத்தில் சாய்வாக விழும்படி உட்கார வையுங்கள். மறு கன்னம் இருட்டாக இருந்தால், அந்தப் பக்கம் தெர்மாகோல் அட்டையை ஒரு கை தூரத்தில் நிறுத்தினால் வெளிச்சம் திரும்பி விழும். அட்டை இல்லாவிட்டால் வெள்ளை வேட்டியை நாற்காலியில் விரித்துப் போடுங்கள். நேர் வெயில் விழும் ஜன்னலில் மெல்லிய வேட்டியைத் திரையாகத் தொங்கவிட்டால் வெளிச்சம் பரவிவிடும். வடக்குப் பார்த்த திண்ணை உள்ள பழைய வீடு கிடைத்தால் அதைவிட நல்ல ஸ்டூடியோ கிடையாது.

ஜன்னல் வெளிச்சத்தோடு அறையின் டியூப்லைட்டையும் போடாதீர்கள். இரண்டு வெளிச்சமும் ஒரே நிறமாக இருக்காது என்பதால் முகம் இரண்டு நிறமாகிவிடும்.

ராத்திரியில எடுத்தா வீடியோவுல வரிவரியா ஓடுது. கேமரா கெட்டுப்போச்சா?

கெடவில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கேமராவின் ஷட்டர் அதோடு ஒத்துப்போகாதபோது வரிகள் தெரிகின்றன. ஃபோன் கேமராவில் ‘புரோ’ முறைக்குப் போய் ஷட்டரை 50-இல் ஒரு பங்கு அல்லது 100-இல் ஒரு பங்கு விநாடியில் நிறுத்துங்கள், முடிந்தால் விநாடிக்கு 25 படம் என்று வையுங்கள். அப்படியும் ஓடினால் அந்தப் பல்பையே மாற்றுங்கள்.

கேமரா செட்டிங்ல வேற என்ன பாக்கணும்?

பின் கேமரா, 1080 பி, ஃபோனைக் கிடைமட்டமாகப் பிடிப்பது. திரையில் முகத்தின்மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் குவியமும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். பூட்டாவிட்டால் பாடுபவர் கையை அசைக்கும்போதெல்லாம் படம் வெளுத்துக் கறுக்கும். ஃபோனை முகத்துக்கு மிக அருகில் வைத்தால் மூக்குப் பெரிதாகும், இரண்டு மீட்டராவது தள்ளி வையுங்கள். எச்.டி.ஆர். வீடியோ என்று இருந்தால் அணையுங்கள், எடிட்டிங்கில் நிறம் கெடும். விமானப் பயன்முறையில் போடுங்கள். லென்ஸைத் துடைத்துவிடுங்கள், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் காலையில் எடுப்பவர்கள் பனி படிவதால் இரண்டு முறை துடைக்க வேண்டியிருக்கும்.

பாடிக்கிட்டே எடுக்கிறதா, இல்ல முதல்ல பாட்டைப் பதிவு பண்ணிட்டு அப்புறம் வாயசைக்கிறதா?

தனியாக அமர்ந்து பாடும் கருநாடக இசை, தேவாரம், திருப்புகழ், தாலாட்டு போன்றவற்றைப் பாடிக்கொண்டே எடுப்பதுதான் அழகு. வாயசைப்பில் தொண்டை நரம்பு புடைக்காது, கண் சுருங்காது. பார்ப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். ஆனால் ஒகேனக்கல்லில் அருவிக்கு முன்னால் நின்று பாடுவதுபோல் வேண்டும், கிருஷ்ணகிரி அணை மதகருகே வேண்டும் என்றால் வாயசைப்பைத் தவிர வழியில்லை.

வாயசைப்பு எடுக்கும்போது பதிவு செய்த பாட்டைச் சத்தமாக ஒலிக்கவிட்டு, பாடுபவரை உண்மையாகவே குரல் விட்டுக் கூடப் பாடச் சொல்லுங்கள். அந்தக் குரலை நாம் பயன்படுத்தப் போவதில்லை, ஆனால் முகம் உண்மையாகிவிடும். பாட்டைப் புளூடூத் ஸ்பீக்கரில் ஒலிக்கவிடலாம், தவறில்லை. அதனால் வரும் தாமதம் எடிட்டிங்கில் சரியாகிவிடும்.

ஒலியைத் தனியா எடுத்தா, வீடியோவோட எப்படிச் சேர்க்கிறது? கடைசியில வாய் பொருந்த மாட்டேங்குதே?

பாடும் முன் கேமரா பார்க்க ஒரு முறை கையைத் தட்டுங்கள். படத்தில் இரு கைகளும் சேரும் இடத்தையும், ஒலியலையில் ஊசிபோல் நிமிரும் இடத்தையும் ஒன்றாக்கினால் முடிந்தது. ஃபோன் வீடியோவின் சொந்த ஒலியையும் அழிக்காமல் வைத்திருங்கள், அதை ஒப்பிட்டுத்தான் நேராக்குவோம். ஒலிப்பதிவை 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள், வீடியோவுக்கு வழக்கம் அதுதான்.

தொடக்கத்தில் பொருந்திக் கடைசியில் விலகினால், காரணம் பெரும்பாலும் ஃபோன்தான். வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப விநாடிக்கு 30 படத்துக்குப் பதிலாக 29, 28 என்று மாற்றி மாற்றி எடுத்துவிடும். ‘ஹேண்ட்பிரேக்’ என்ற இலவச மென்பொருளில் அந்த வீடியோவை மாறாத பட வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட்டிங்கைத் தொடங்குங்கள். இரண்டு கருவிகளின் கடிகாரங்களுக்குள்ளும் நுண்ணிய வித்தியாசம் உண்டு. ஐந்து நிமிடப் பாட்டில் அது தெரியாது, ஒரு மணி நேரப் பதிவில் தெரியும். நீண்ட பதிவுகளில் நடுநடுவே கை தட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கூத்தைத் தூரத்துல இருந்து எடுத்தேன், மைக் ஆர்மோனியப் பெட்டிக்குப் பக்கத்துல வெச்சேன். கை தட்டிச் சேர்த்தும் லேசா இடிக்குது. ஏன் சார்?

ஒலி விநாடிக்குச் சுமார் 345 மீட்டர்தான் போகும். நீங்கள் பதினைந்து மீட்டர் தள்ளிக் கேமராவை வைத்திருந்தால், அந்தக் கேமராவின் சொந்த ஒலி, படத்தைவிட சுமார் 43 மில்லி விநாடி பிந்தித்தான் பதிவாகியிருக்கும். விநாடிக்கு 25 படம் என்றால் அது ஒரு படத்துக்குச் சற்று மேல். முன் கேள்வியில் சொன்னபடி கேமரா ஒலியையும் மைக் ஒலியையும் ஒப்பிட்டு நேராக்கியிருப்பீர்கள். அதனால் மைக் ஒலியும் அதே அளவு பிந்திவிட்டது. அதை ஒரு படம் முன்னால் தள்ளுங்கள், ஜால்ரா கையும் ஒலியும் சேர்ந்துவிடும். தூரத்திலிருந்து எடுக்கும்போது கேமரா ஒலியை நம்பாமல், கை சேரும் படத்தைக் கண்ணால் பார்த்தே சேர்ப்பதுதான் சரி.

நாலஞ்சு பேர் சேர்ந்து பாடுறோம். ஆளுக்கொரு மைக் வேணுமா?

இருப்பது ஒரு நல்ல மைக் என்றால் அந்த ஒன்றே போதும். அரைவட்டமாக நின்று, குரல் கனத்தவர் ஓரடி பின்னால், மெலிந்தவர் ஓரடி முன்னால் என்று காலடியால் சமன்செய்யுங்கள். தேவாலயப் பாடற்குழுவுக்கு இப்படித்தான் எடுத்தேன். நிற்கும் இடத்தைச் சுண்ணாம்புக்கட்டியால் குறித்து, நான்கு முறை மாற்றி நிறுத்திய பிறகு நான்கு குரல்களும் பிரிந்தும் கலந்தும் கேட்டன.

இரண்டு மைக் வைத்தால், ஒரு மைக்குக்கும் அதன் பாடகருக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்கு தூரமாவது மைக்குகளுக்கு இடையில் விடுங்கள். இல்லாவிட்டால் ஒரே குரல் இரண்டிலும் சற்று முன்பின்னாக விழுந்து, சேர்க்கும்போது குரல் உள்ளீடற்றுப்போகும்.

ஒரே ஃபோன்தான், ஆனா மூணு கேமரா வெச்ச மாதிரி வேணும். முடியுமா?

மூன்று முறை எடுத்தால் முடியும். நன்றாக அமைந்த முதல் ஒலிப்பதிவையே பாட்டுக்கு வைத்துக்கொண்டு, மற்ற இரண்டு முறையும் அதையே ஒலிக்கவிட்டு, ஒரு முறை முகத்தை நெருக்கமாகவும், ஒரு முறை கையையும் வாத்தியத்தையும் மட்டுமாகவும் எடுங்கள். சுதந்திரமாக ஆலாபனை செய்யும் பகுதியில் இதைச் செய்யாதீர்கள், கமகம் இரண்டு முறை ஒன்றாக வராது. உடையும் பொட்டும் பூவும் மூன்று முறையும் மாறாதிருக்கட்டும்.

எடிட் பண்ண எந்தச் சாஃப்ட்வேர்? எவ்வளவு எக்கோ போடலாம்?

ஒலிக்கு ‘ஆடாசிட்டி’, படத்துக்கு ‘டாவின்சி ரிசால்வ்’ இலவசப் பதிப்பு; மடிக்கணினி பழையது என்றால் ‘கேடென்லைவ்’. மூன்றுக்கும் காசு இல்லை. எக்கோவைப் பொறுத்தவரை, இருக்கிறது என்று தெரியும் அளவுக்குக் கூட்டிவிட்டு, தெரியாமல் போகும் அளவுக்குக் குறைத்து, அங்கே நிறுத்துங்கள். குரலின் பிழையை எக்கோவால் மூடச் சொல்லிக் கேட்பவர்களுக்கு நான் மீண்டும் ஒரு முறை பாடச் சொல்லித்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

இறுதி ஒலியளவு கூடுதலாக இருந்தால் யூடியூப் அதை மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (பாட்டு முழுவதன் சராசரி உரப்பைக் காட்டும் அலகு) என்ற அளவுக்கு இறக்கிவிடும். அதற்குமேல் முட்டிக்கொண்டு சத்தமாக ஏற்றினால் அங்கே சத்தம் கூடாது, பாட்டின் ஏற்ற இறக்கம் மட்டும் நசுங்கும்.

சினிமாப் பாட்டுப் பாடிப் போட்டா சேனலை மூடிடுவாங்களா?

உரிமையாளரின் தானியங்கி உரிமைகோரல் வேறு, பதிப்புரிமை எச்சரிக்கை வேறு. முதலாவதில் வீடியோ பெரும்பாலும் இருக்கும், விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகும். இரண்டாவது 90 நாட்களுக்குள் மூன்று வந்தால் சேனல் போய்விடும். கரோக்கி இசையை எங்கிருந்தோ இறக்கிப் பயன்படுத்தினால், அந்த இசைப் பதிவுக்கும் தனி உரிமையாளர் உண்டு.

இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படைத்தவர் மறைந்து 60 ஆண்டுகள்வரை உரிமை நீடிக்கும். தியாகராஜர் மறைந்தது 1847. அவர் கீர்த்தனைகளுக்குத் தடையில்லை. பாரதியாரின் பாடல்களின் உரிமையை அரசு 1949-இல் பெற்று, பிறகு பொதுவுடைமையாக்கிவிட்டது. ஆனால் அவற்றுக்குப் பிறர் பின்னாளில் அமைத்த மெட்டுக்கு உரிமை இருக்கலாம். பாபநாசம் சிவன் 1973-இல் மறைந்ததால் அவர் பாடல்களுக்கு 2033 முடியும்வரை உரிமை உண்டு. பிள்ளைகளுக்குப் பாட்டுத் தேர்வு செய்யும்போதே இதைப் பார்த்துவிடுகிறோம்.

பம்பைக்காரங்க, கூத்துக்காரங்களை எடுத்துப் போடுறதுக்கு அவங்ககிட்ட கேக்கணுமா? ஊர்ல எல்லாரும் பாக்கிற நிகழ்ச்சிதானே?

கட்டாயம் கேட்க வேண்டும். அதே சட்டம் நிகழ்த்துபவருக்கும் 50 ஆண்டு உரிமை தருகிறது. எல்லோரும் பார்க்க ஆடினார் என்பதால் பதிவு செய்து பரப்பும் உரிமை நமக்கு வந்துவிடாது. எங்கே போடப் போகிறோம், வருமானம் வந்தால் எப்படிப் பகிர்வோம் என்பதைச் சொல்லி, ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், கேமரா முன்னாலேயே அவர் வாயால் சம்மதத்தைப் பதிவு செய்யுங்கள். கலைஞர் பெயரையும் ஊரையும் வீடியோவின் முதல் வரியில் போடுங்கள், கைபேசி எண்ணை அவர் சொன்னால் மட்டும் போடுங்கள். எண்ணைப் பார்த்து அடுத்த பண்டிகைக்கு அழைப்பு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

வாட்ஸ்அப்ல அனுப்பினா வீடியோ மங்கிடுதே, என்ன பண்றது? எடுத்ததை எல்லாம் எங்க வெக்கிறது தம்பி?

வீடியோவாக அனுப்பாமல் ‘ஆவணம்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். 2 ஜி.பி. வரை சுருக்காமல் போகும். சேமிப்பதைப் பொறுத்தவரை, 24 பிட் வேவ் கோப்பு ஒரு மைக்குக்கு நிமிடத்துக்குச் சுமார் 9 எம்.பி.தான் எடுக்கும்; ஒலியின் மூலக்கோப்பை அழிக்க இடப் பற்றாக்குறை ஒரு காரணமே ஆகாது. தேதி, ஊர், பாடியவர் பெயர் மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள்.

பென்னாகரத்துப் பக்கம் ஆர்மோனியத்தோடு பாடும் ஒரு கூத்து வாத்தியாரை எடுத்திருந்தேன். வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, ஃபோனில் இடம் இல்லை என்று மூலக்கோப்பை அழித்துவிட்டேன். அவர் காலமான பிறகு, முப்பதாம் நாளில் பெரிய ஸ்பீக்கரில் போட வேண்டும் என்று மகன் வந்து கேட்டார். என்னிடம் இருந்தது அந்தச் சுருங்கிய கோப்பு மட்டுமே. அதை ஸ்பீக்கரில் போட்டபோது ஆர்மோனியம் சீழ்க்கைபோல் ஒலித்தது, அவர் அடித்தொண்டையில் இழுக்கும் விருத்தம் பாதிதான் கேட்டது. அன்றிலிருந்து எல்லாப் பதிவுக்கும் இரண்டு ஹார்ட் டிஸ்க் வைத்திருக்கிறேன். ஒன்று எங்கள் வீட்டு அலமாரியில், மற்றொன்று அரூரில் என் மைத்துனர் வீட்டில். மாதம் ஒரு முறை அங்கே போகும்போது புதியவற்றை அதில் ஏற்றிவிட்டு வருகிறேன்.